மாலுமி பதில்கள்: வந்தவர்களும் வனங்களும்

(பெருநகரங்களையும் அவற்றை ஒட்டிய காடுகளையும் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, வணிகக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் மாலுமி பதில் சொல்கிறார்.)

கே: உலகத்தின் பெரிய நகரங்களை உருவாக்கியவர்கள் அந்த மண்ணில் பிறந்தவர்களா, பிழைக்க வந்தவர்களா? (கல்லூரி மாணவி)

இரு சாராரும் சேர்ந்துதான். ஆனால் துறைமுக நகரங்களில் இறங்கி நடந்து பழகிய என் கண்ணுக்கு முதலில் தட்டுப்படுவது வந்தவர்களின் கைவேலை.

லண்டனில் பிரிக் லேன் என்றொரு தெரு. அதில் ஒரு மூலைக் கட்டடம். பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் மக்கள் 1743-இல் அதைத் தேவாலயமாகக் கட்டினார்கள். 1819-இல் மெதடிஸ்ட் சபையார் கைக்கு வந்தது. 1898-இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக்கூடம் ஆனது. 1976 முதல் வங்கதேச மக்களின் பள்ளிவாசல். சுவரின் உச்சியில் முதலில் கட்டியவர்கள் பதித்த சூரியக் கடிகாரம், 1743 என்ற ஆண்டோடு இன்றும் இருக்கிறது. அடுத்தடுத்து வந்த யாரும் அதைப் பெயர்த்துப் போடவில்லை.

தெருவின் தொழிலையும் பாருங்கள். ஹியூகனாட்கள் பட்டு நெய்தார்கள். யூதர்கள் தையல் பட்டறை நடத்தினார்கள். வங்காளிகள் ஆயத்த ஆடையும் தோல் உடுப்பும் தைத்தார்கள். ஆள் மாறினாலும் துணித்தொழில் அந்தத் தெருவை விட்டுப் போகவில்லை. வங்காளிகளில் சில்ஹெட் பக்கத்துக்காரர்கள் பலர் முதலில் லண்டனில் இறங்கியது கப்பல் தொழிலாளிகளாகத்தான். இன்ஜின் அறையில் என்னோடு வேலை செய்த ஒருவர், தன் தாத்தா அப்படி இறங்கியவர் என்று பெருமையாகச் சொல்வார்.

கென்யாவின் நைரோபி 1899-இல் வெறும் ரயில்வே கிடங்கு. அந்த ரயில் பாதையைப் போட இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் போனவர்கள் ஏறத்தாழ 32,000 பேர். சுமார் 2,500 பேர் வேலையிலேயே இறந்தார்கள். திரும்பாமல் தங்கியவர்கள் கடை வைத்தார்கள், கிடங்கு நகரமாயிற்று. சிங்கப்பூரில் 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் சாலை போட்டார்கள். இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவைக் கட்டியதும் அவர்களே. விரும்பி வந்தவர்கள் மட்டுமல்ல, சங்கிலியோடு இறக்கப்பட்டவர்களும் நகரம் கட்டியிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கே: வெளியூர் ஆட்கள் வந்து குவியக் குவியத்தான் நகரத்தை ஒட்டிய காடு அழிகிறது. கசப்பாக இருந்தாலும் இதுதானே உண்மை? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர்)

இல்லை, ஐயா. கூட்டம் வந்தால் நெருக்கடி வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் காடு போவதும் நிற்பதும் வந்தவர்களின் எண்ணிக்கையால் முடிவாவதில்லை. ஹாங்காங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

1945-இல் போர் முடிந்தபோது அங்கே இருந்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர். ஐந்தாறு ஆண்டுகளில் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. சீனாவில் உள்நாட்டுப் போர், ஆட்சி மாற்றம். எல்லை தாண்டி மக்கள் வெள்ளமாக வந்தார்கள். மலைச்சரிவெங்கும் பலகையும் தகரமும் வைத்த குடிசைகள். மலைகளிலோ மரமே இல்லை. போர்க்காலத்தில் விறகுக்காக வெட்டித் தீர்த்திருந்தார்கள்.

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி தீப்பிடித்தது. ஒரே இரவில் சுமார் 53,000 பேர் வீடிழந்தார்கள். அதன் பிறகுதான் அரசு பெரிய அளவில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் தொடங்கியது. ஆரம்பத்தில் கொடுத்த அறைகள் மிகச் சிறியவை. குழாயும் கழிப்பறையும் பொதுவில். ஆனாலும் மலைச்சரிவில் இருந்தவனுக்குக் கீழே ஒரு கூரை கிடைத்தது. இன்னொரு பக்கம் நீர்த்தேக்கங்களைச் சுற்றி மரம் நட்டார்கள். நல்ல ஆறு இல்லாத ஊருக்கு மழைநீரைத் தேக்கினால்தான் குடிநீர். மொட்டை மலையில் பெய்யும் மழை மண்ணை அடித்துவந்து அணையை மூடிவிடும்.

1976-இல் மலையையும் காட்டையும் காக்க நாட்டுப்புறப் பூங்காச் சட்டம் வந்தது. இன்றைக்கு அப்படிப்பட்ட பூங்காக்கள் 25. சிறப்புப் பகுதிகளையும் சேர்த்தால் மொத்த நிலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் காப்பில் இருக்கிறது. 75 லட்சம் பேர் வாழும் ஊர் அது. பெரும்பாலானோர் வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். கட்டடங்கள் நிற்கும் நிலம் கால் பங்கு அளவுதான். விடுமுறை நாளில் அந்த மலைப்பாதைகளில் தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை வரிசையாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே குறையே இல்லை என்று சொல்லவில்லை. வீட்டு வாடகை கழுத்தை நெரிக்கிறது. கூண்டு போன்ற அறைகளில் முதியவர்கள் படுத்திருக்கிறார்கள். அதைக் காட்டி, பூங்காவின் ஓரத்தை வெட்டி வீடு கட்டலாமே என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது. பாழாய்க் கிடக்கும் பழைய வயல்கள், கண்டெய்னர் அடுக்கி வைத்த திடல்கள் என்று வேறு நிலம் இருக்கும்போது முதலில் காட்டின் மேல் கை வைப்பது ஏன் என்பதே என் கேள்வி. காட்டுக்குச் சொந்தக்காரன் எதிர்த்துப் பேச மாட்டான், நஷ்டஈடு கேட்க மாட்டான். அதனால்தான் கை அங்கே போகிறது.

கே: ஐயா, நாங்கள் இலங்கையில் இருந்து கனடாவுக்கு வந்து ஸ்கார்பரோவில் இருக்கிறம். எங்கட வீட்டுக்குக் கிட்ட ரூஜ் தேசியப் பூங்கா. “உது வெள்ளைக்காரர் போய் நடக்கிற இடம், எங்களுக்கு என்ன?” என்று சனம் கதைக்குது. வந்த ஆக்களுக்கு இந்தக் காணியில என்ன உரித்து, என்ன பொறுப்பு? (இரண்டு பிள்ளைகளின் தாய்)

சகோதரி, முழு உரித்தும் உண்டு. முழுப் பொறுப்பும் உண்டு.

ரூஜ் சும்மா கிடைத்த இடமில்லை. 1970களிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கை ஒட்டிக் குடியிருந்தவர்கள் வீட்டு மனைக்கும் சாலைக்கும் எதிராகப் பேசிப் பேசித்தான் அது நிலைத்தது. 2015-இல் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஆயிற்று. 79 சதுர கிலோமீட்டர். காடும் சதுப்பும் ஆறும் வேலை நடக்கும் விவசாய நிலமும் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

இதற்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் ஒன்டாரியோ மாகாண அரசு, டொரன்டோவைச் சுற்றியுள்ள, கட்டடம் வராமல் காப்பில் வைத்த பசுமை வளையத்திலிருந்து 7,400 ஏக்கரை எடுத்து 50,000 வீடு கட்டத் தருவதாக அறிவித்தது. எடுத்ததில் பெரிய துண்டு ரூஜ் பூங்காவை ஒட்டிய டஃபின்ஸ் ரூஜ் விவசாய நிலம். சொன்ன காரணம்: மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், வீடு பற்றவில்லை. அதாவது உங்களைப் போன்றவர்கள் பெயரைச் சொல்லித்தான் அந்த நிலம் கேட்கப்பட்டது.

ஆனால் அந்த அரசே அமைத்த வீட்டுவசதிக் குழு, அதே ஆண்டு பிப்ரவரியில், நிலப் பற்றாக்குறை வீட்டுத் தட்டுப்பாட்டுக்குக் காரணமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தது. வளையத்துக்கு வெளியே, ஊருக்குள்ளேயே, கட்டுவதற்கு இடம் இருந்தது. 2023 ஆகஸ்டில் மாகாணத் தலைமைக் கணக்காயர் அறிக்கை வந்தது. காப்பு நீங்கியதால் அந்த நிலங்களின் சொந்தக்காரர்களுக்கு மதிப்பு 830 கோடி டாலருக்கு மேல் ஏறக்கூடும் என்று அதில் கணக்கு இருந்தது. மக்கள் கொதித்தார்கள். செப்டம்பரில் முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டு, நிலத்தைத் திருப்பி வளையத்தில் சேர்ப்பதாக அறிவித்தார்.

முந்தைய கேள்வி கேட்ட ஐயாவும் இதைப் படிக்க வேண்டும். வந்தவனுக்கு வீடு என்பது வாயில் வந்த பேச்சு. காப்பு நிலத்தை மனை நிலமாக்கினால் விலை எத்தனை மடங்கு ஏறும் என்பது அடியில் ஓடிய கணக்கு. அப்படிக் கட்டும் வீட்டைப் புதிதாக வந்து இறங்கிய குடும்பம் வாங்கவும் முடியாது.

பொறுப்பு என்று கேட்டீர்களே. டொரன்டோ விலங்குக் காட்சிசாலை, பிளாண்டிங்ஸ் ஆமை என்ற அருகிவரும் ஆமையின் முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை இரண்டு ஆண்டு வளர்த்து ரூஜ் சதுப்பில் விடுகிறது. 2014 முதல் இது நடக்கிறது. இந்த ஆமை இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே 15, 20 ஆண்டு ஆகும். யாராவது வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன செங்காது ஆமையைக் கொண்டுபோய் அதே குளத்தில் விட்டால், அது இதன் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் கொண்டு வரும். தங்கமீனும் அப்படியே. பாவம் பார்த்து விடுகிறேன் என்று யார் சொன்னாலும் பிள்ளைகளைத் தடுக்கச் சொல்லுங்கள். பாதையை விட்டு இறங்காமல் நடக்கச் சொல்லுங்கள். பிறகு ஆமையைப் பார்த்த நாளையும் இடத்தையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த ஆமைக்குஞ்சும் உங்கள் பிள்ளைகளும் அங்கே ஒரே காலத்தில் வளர்கிறார்கள்.

கே: குடியிருப்பவர்களை வெளியேற்றாமல் சரணாலயத்தைக் காப்பாற்ற முடியாது என்கிறார் எங்கள் பேராசிரியர். உங்கள் கருத்து? (முதுகலை மாணவர்)

யாரை வெளியேற்றுவது என்று பேராசிரியரிடம் கேளுங்கள். அங்கேதான் அநியாயம் ஒளிந்திருக்கிறது.

மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா சுமார் 104 சதுர கிலோமீட்டர். நகரத்துக்குள்ளேயே சிறுத்தை வாழும் காடு. துளசி, விஹார் ஏரிகளுக்கு நீர் வருவதும் அந்தக் காட்டிலிருந்துதான். 1995-இல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 1997-இல் உயர் நீதிமன்றம் ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவிட்டது. காட்டைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இடிபட்ட பல்லாயிரம் குடிசைகளில் இருந்தது யார்? அந்நகரத்தின் கட்டடங்களுக்குச் சித்தாள் வேலை செய்தவர்களும் வீட்டு வேலைக்குப் போனவர்களும். 1995-க்கு முன்பே வந்ததற்குக் காகிதம் காட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் மாற்று வீடு என்றார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டிலேயே இருந்த வார்லி பழங்குடி மக்களும், நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் இல்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியதாயிற்று.

2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் இந்த வேறுபாட்டை எழுத்தில் ஏற்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டில் வாழ்ந்து அதை நம்பியிருக்கும் பழங்குடிக்கு உரிமை உண்டு. மற்ற வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை எல்லோரும் புகழ்கிறார்கள், நானும் மணிக்கணக்கில் நடந்திருக்கிறேன். அதன் மேற்கு ஓரத்தில் செனெகா கிராமம் என்று ஒன்று இருந்தது. 1825-இல் கறுப்பின மக்கள் காசு கொடுத்து மனை வாங்கி அமைத்த ஊர். பிறகு ஐரிஷ்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். 225 பேர் அளவில் இருந்தார்கள், மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம். 1857-இல் பூங்காவுக்காக ஊரையே துடைத்தெடுத்தார்கள். பூங்கா கிடைத்தது நல்லது. அதற்காக அந்த ஊரைப் பற்றிப் பேசாமல் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது அநீதி.

வெளியேற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் வீடு, அதுவும் வேலைக்குப் போய்வரும் தூரத்தில். அதற்குப் பிறகு இடியுங்கள்.

கே: சுற்றிலும் வேலி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? (வாசகர்)

நைரோபியிலேயே இரண்டு விடை இருக்கிறது. நகரத்தின் விளிம்பில் 117 சதுர கிலோமீட்டரில், 1946-இல் அமைந்த தேசியப் பூங்கா. மூன்று பக்கம் வேலி, தெற்கே திறந்திருக்கிறது. வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் என்ற காட்டுமானும் மழைக்கேற்பத் தெற்குச் சமவெளிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்தை அடைத்தால் பூங்கா மிருகக்காட்சிசாலை ஆகிவிடும். அதனால் 2000-இல் தொடங்கி, அங்குள்ள மாசாய் மக்களுக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 4 டாலர் கொடுத்து, வேலி போடாதீர்கள், விற்காதீர்கள் என்று ஒப்பந்தம் செய்தார்கள்.

ஊருக்குள் இருக்கும் கரூரா காடு வேறு கதை. ஏறத்தாழ 1,000 ஹெக்டேர். 1990களில் அதைத் துண்டு போட்டு வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். சூழல் போராளி வங்காரி மாத்தாய் மரக்கன்றோடு போய் நின்றார். 1999 ஜனவரியில் அடியாட்கள் அவர் மண்டையை உடைத்தார்கள். 2004-இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு. அந்தக் காட்டுக்குப் பின்னாளில் போட்ட வேலி பயன் தந்தது. வலசை போகும் கூட்டம் அங்கில்லை. மனைக்காரர்களும் மரம் வெட்டுபவர்களும்தான் எதிரி.

கே: குடியேறியவர்களால் இயற்கைக்கு நன்மை நடந்ததற்கு ஓர் உதாரணமாவது உண்டா? (புவியியல் ஆசிரியை)

உண்டு, டீச்சர். மறுபடியும் ஹாங்காங் போக வேண்டும், மய் போ சதுப்புநிலத்துக்கு.

1940களில் சீனாவிலிருந்து வந்தவர்கள் அங்கே கடலோரச் சேற்றில் கரை எழுப்பி, கெய் வாய் என்ற இறால் குளங்களை வெட்டினார்கள். ஒவ்வொன்றும் 10 ஹெக்டேர் அளவு, கடல் பக்கம் ஒரு மதகு. இலையுதிர் காலத்தில் பெரிய கடலேற்றத்தின்போது மதகைத் திறப்பார்கள். பொடி இறால் தானாக உள்ளே வரும். தீவனம் போடுவதில்லை. குளத்துக்குள்ளேயே அலையாத்தி மரங்கள் நிற்கும், உதிர்ந்து அழுகும் இலையே இறாலுக்குத் தீனி. கோடையில் இரவு, கடல் வற்றும் நேரத்தில் மதகில் வலை கட்டித் திறந்தால் நீரோடு இறால் வந்து விழும். குளிர்காலத்தில் குளத்தையே வடித்து மீனைப் பிடிப்பார்கள். விலை போகாத பொடிமீன் சேற்றில் கிடக்கும். அதற்காகத்தான் பறவைகள் வந்தன.

இந்தத் தொழில் நொடித்துப் பலர் குளத்தை மாற்றிவிட்டார்கள். 1983 முதல் உலக இயற்கை நிதியத்தின் ஹாங்காங் கிளை மிச்சமிருந்த குளங்களைப் பராமரிக்கிறது. இன்றும் குளிர்காலத்தில் ஒவ்வொன்றாக வடிக்கிறார்கள், இப்போது பறவைகளுக்காகவே. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வடித்த குளத்தில் முழங்கால் நீரில் கறுப்புமுகக் கரண்டிவாயன்கள் வரிசையாக நடந்தன. அலகைச் சற்றே திறந்து நீருக்குள் விட்டு, தலையை இடமும் வலமும் வீசிக்கொண்டே போகும். அலகில் ஏதாவது பட்டால் சட்டென்று மூடும். கண் தேட வேண்டியதில்லை, கலங்கல் நீரிலும் பிடிக்கும். 1980களின் இறுதியில் உலகம் முழுவதும் 300-க்கும் குறைவாக எண்ணப்பட்ட பறவை, இன்று 6,000-ஐத் தாண்டியிருக்கிறது. பல நாட்டு உழைப்பு அது. அதில் அந்தக் குளம் வெட்டிகளுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரியோ டி ஜெனிரோவின் திஜூக்கா மலைக்காடு காப்பித் தோட்டத்துக்காக அழிந்து, நகரத்தின் ஓடைகள் வற்றின. 1861-இல் பேரரசர் காட்டைத் திரும்ப வளர்க்க உத்தரவிட்டார். மேஜர் ஆர்ச்சர் தலைமையில் கன்று நட்டவர்கள் ஆறு அடிமைகள்: எலூத்தேரியோ, கான்ஸ்டான்டினோ, மனுவேல், மதேயுஸ், லியோபோல்டோ, மரியா. இன்று அது தேசியப் பூங்கா. புகழ்பெற்ற மீட்பர் கிறிஸ்து சிலை நிற்பது அதற்குள்தான். ஆர்ச்சர் பெயரோடு அந்த ஆறு பெயரையும் உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுங்கள்.

கே: நீங்கள் பார்த்த நகரக் காடுகளில் பிடித்தது? (பள்ளி மாணவன்)

சிங்கப்பூரின் புக்கிட் தீமா, தம்பி. 163 ஹெக்டேர்தான். 1854-இல் வாலஸ் என்ற இயற்கையியலாளர் அந்தப் பக்கத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். 1986-இல் ஒரு விரைவுச்சாலை அதைப் பக்கத்துக் காட்டிலிருந்து பிரித்தது. 2013-இல் சாலைக்கு மேலே மரம் வளர்த்த பாலம் ஒன்று கட்டினார்கள். எறும்புத்தின்னிகள் அதன் மேல் கடக்கின்றன.

கே: சாலையோ தொழிற்பேட்டையோ வருகிறதென்று அரசு சொல்லிவிட்டால் சாதாரண மனிதன் என்ன செய்ய முடியும்? (வாசகி)

அறிவிப்பு வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும், அம்மா. 1986-இல் சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில் பாழடைந்த இறால் பண்ணைகளில் வலசைப் பறவைகள் இறங்குவதைச் சில பறவை ஆர்வலர்கள் கவனித்தார்கள். அந்த இடம் நவீனப் பண்ணைத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் கூச்சல் போடவில்லை. எந்த மாதம், எந்தப் பறவை, எத்தனை என்று எழுதி, மலாயா இயற்கைக் கழகத்தின் வழியாக அரசிடம் கொடுத்தார்கள். 1989-இல் பூங்காவாக ஒதுக்கினார்கள், 1993-இல் திறந்தார்கள், 2002-இல் சட்டப்படி இயற்கைக் காப்பகம். அதுதான் சுங்கை பூலோ. அதே சிங்கப்பூரின் செக் ஜாவா கடற்கரையை 2001-இல் மண் கொட்டித் தூர்க்க இருந்தபோதும், தன்னார்வலர்கள் நீர் வற்றும் வேளையில் இறங்கி உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அரசு திட்டத்தைத் தள்ளிப்போட்டது.

ஆகவே முதலில் உங்கள் ஏரியோ காடோ அரசிதழில் எந்தப் பெயரில், எந்த எல்லையோடு பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வரைபடத்தின் நகலை வாங்கி வையுங்கள். மாதம் ஒரு நாளாவது போய், பார்த்ததைத் தேதியோடு எழுதுங்கள். மழைக்கால நீர் எதுவரை நிற்கிறது என்று படம் எடுங்கள். கோடையில் வந்து அளப்பவர், அதைத் தரிசு என்று எழுதிவிட்டுப் போவார். அந்த ஓரத்தில் குடிசை போட்டிருப்பவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். வெள்ளம் எந்த வழியாக வரும், இரவில் எந்த லாரி எங்கே மண் கொட்டுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.